எந்த நகுமோமு? பட்டியல் எழுதும் நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொது நூலகங்களிலும் இசைக் கல்லூரி நூலகங்களிலும் ஒலி ஆவணக் காப்பகங்களிலும் இசைத்தட்டு, ஒலிநாடா, நோட்டேஷன் புத்தகம் ஆகியவற்றுக்குப் பட்டியல் எழுதுகிற அனைவருக்கும் வணக்கம்.

நான் வீட்டில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். நூலகவியல் படித்தவள் அல்ல. உங்கள் துறைச் சொல் எதையாவது நான் தப்பாகப் பிடித்திருந்தால் திருத்துங்கள். அதற்காக விஷயத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஆபேரி நகுமோமுவை அந்தக் காலத்தில் சுத்த தைவதம் வைத்துப் பாடுவார்களாமே, அப்படி யாராவது பாடின ரெக்கார்டு இருக்கா?" நல்ல கேள்வி. (ஆபேரி ஒரு ராகம். தைவதம் ஏழு சுரத்தில் 'த'. சுத்த தைவதம் தாழ்ந்தது, சதுஸ்ருதி தைவதம் அதைவிட உயர்ந்தது.) தியாகராஜரின் "நகுமோமு கனலேனி" இன்று மேடையில் சதுஸ்ருதி தைவதத்தோடுதான் கேட்கிறது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டுக்குப் பிறகுதான் அந்தப் பாடம் ஊர் முழுக்கப் பரவியது என்பார்கள். அதற்கு முந்தைய வழியில் தைவதம் வேறு. என் குருவும் இதைச் சொல்லியிருக்கிறார், ஒரு வரி பாடிக்கூடக் காட்டியிருக்கிறார். முழுசாக யாரும் பாடி நான் கேட்டதில்லை.

ஒலிநாடாக்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் என்னிடம் காட்டிய பொறுமைக்கு நான்தான் கடன்பட்டிருக்கிறேன். கணினியில் "நகுமோமு" என்று தேடினேன், ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்தேன், இல்லை. "தியாகராஜர்" என்று போட்டால் வாழ்க்கை வரலாறுகள் வந்தன. "ஆபேரி" என்றால் ராக லட்சணப் புத்தகம் ஒன்று. கடைசியில் அலமாரியையே பார்த்துவிடலாம் என்று அந்த நூலகர் உள்ளே கூட்டிப்போனார். "கர்நாடக இசை, குரலிசை, ஒலிநாடா, தொகுதி 14, பல பாடல்கள்" என்று பட்டியலில் ஒரே வரியாக இருந்தது, நேரில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய நாடா. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நாடாக்களின் உள்ளட்டையில் யாரோ பேனாவில் எழுதியிருந்ததைப் படித்து, "நகுமோமு" என்ற சொல்லைக் கண்டுபிடித்தோம். இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக் கேட்டால் மத்யமாவதி ராகம்.

"நகுமோமு கலவானி". அதுவும் தியாகராஜர் பாட்டுதான். வேறு பாட்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அந்தப் பட்டியலின் அமைப்பு மேல்தான் கோபம். பெட்டிக்குப் பதிவு இருக்கிறது, பாட்டுக்குப் பதிவு இல்லை. இது ஏன் இப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில்தான் உங்கள் துறையில் இதைப்பற்றி எவ்வளவு பெரிய யோசனை நடந்திருக்கிறது என்று தெரிந்தது. யோசனை அங்கே இருக்கிறது, அலமாரி இங்கே இருக்கிறது. நடுவில் உள்ள தூரத்துக்குத்தான் இந்த மடல்.

புத்தகத்தை மனதில் வைத்துச் செய்த பட்டியலில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாவல், ஒரு அட்டை, ஒரு தலைப்பு. 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் உருவாக்கிய மார்க் வடிவம், அட்டைப் பட்டியலில் இருந்ததைக் கணினிக்குக் கொண்டுபோகப் பிறந்தது. அதில் நாடாவில் உள்ள எட்டுப் பாட்டும் 505 என்ற உள்ளடக்கக் குறிப்பில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதையும் யாராவது மெனக்கெட்டு எழுதினால். எழுதாவிட்டால் "பல பாடல்கள்".

1998-இல் இஃப்லா, அதாவது நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு, எஃப்ஆர்பிஆர் என்ற மாதிரியை வெளியிட்டது. உங்களுக்கு இது பாடத்திட்டத்தில் வந்திருக்கும். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு பொருளை நான்கு அடுக்காகப் பார்க்கச் சொல்கிறது அது. முதலில் ஒருவர் மனதில் உருவான படைப்பு. அடுத்து அது சொல்லாக, சுரமாக, ஒலியாக வெளிப்படும் வடிவம். அடுத்து அந்த வடிவம் அச்சாகி, தட்டாகி வெளிவந்த பதிப்பு. கடைசியாக உங்கள் அலமாரியில் கீறல் விழுந்து கிடக்கும் அந்த ஒரு படி. இந்த அறிக்கையே ஷூபர்ட்டின் "டிரௌட்" ஐந்திசையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறது: அவர் எழுதிய சுரக்குறிப்பு ஒரு வெளிப்பாடு, ஒவ்வொரு குழு வாசித்ததும் ஒவ்வொரு வெளிப்பாடு, எல்லாம் ஒரே படைப்பின் கீழே. இசை நூலகர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. பல தட்டுகளில் சிதறிக் கிடக்கும் ஒரே பாட்டை ஓரிடத்தில் சேர்க்கச் சீர்தலைப்பு என்ற உத்தியை அவர்கள் எப்போதோ கையாண்டுகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேரியேஷன்ஸ் என்ற இசை நூலகத் திட்டத்தில், பெட்டியையும் உள்ளே இருக்கும் படைப்பையும் தனித்தனிப் பதிவாகவே வைத்துப் பார்த்தார்கள்.

இந்த அடுக்குப் பார்வை நமக்கு வெளியூர்ச் சரக்கும் அல்ல. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலுக்கு ஆன்மா, சூட்சும சரீரம், ஸ்தூல சரீரம் என்று மூன்று சொன்னார். கருத்து ஆன்மா, அது மொழியில் எடுத்த வடிவம் சூட்சும சரீரம், தாளும் பைண்டிங்கும் ஸ்தூல சரீரம். எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சம்பந்தர் பதிகமும், முத்துத்தாண்டவர் கீர்த்தனையும், அருணாசலக் கவிராயரின் ராம நாடகமும் பிறந்த ஊர்க்காரர் அவர். எத்தனை வாய் மாறி, எத்தனை மெட்டு மாறி அந்தப் பாட்டுகள் வந்திருக்கின்றன! சூட்சும சரீரம் என்று ஒன்று தனியாகத் தேவைப்படும் என்று சீர்காழிக்காரருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

இனி நான் நான்கு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்கிறேன்: ஆக்கம், பாடம், பதிப்பு, படி. இரண்டாவது அடுக்குக்கு "பாடம்" என்று வைத்தது வேண்டுமென்றேதான். ஓலைச்சுவடிக்காரர்கள் பாடபேதம் என்பார்கள், நாங்கள் பாடாந்தரம் என்போம். "அவருடைய பாடாந்தரம் சுத்தம்" என்று ஒரு பாடகரைப் பற்றிச் சொன்னால், இன்ன குருவிடமிருந்து இன்ன சங்கதிகளோடு (ஒரே வரியை விதவிதமாக வளர்த்துப் பாடும் வகைகளோடு) வந்த வடிவம் அது என்று அர்த்தம். எஃப்ஆர்பிஆர் இரண்டாம் அடுக்கு என்று எதைச் சொல்கிறதோ அதற்கு நம்மிடம் சங்கீத அகராதியில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. மேற்கத்தியர்கள் அதற்கு ஒரு பொதுச்சொல்லைத் தேடிப்பிடித்தார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது உண்மையில் ஒன்றுதான். நம் இசையில் உயிர் இருப்பது அந்த இரண்டாம் அடுக்கில். அதைத் தூக்கிவிட்டு மற்ற மூன்றையும் வைத்துப் பட்டியல் செய்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காங்கிரஸ் நூலகம் மார்க்குக்கு மாற்றாகக் கொண்டுவந்த பிப்ஃப்ரேமில், 2016-இல் வந்த இரண்டாம் வடிவத்தின்படி, முக்கியமான அடுக்கு மூன்றுதான். ஆக்கமும் பாடமும் ஒரே பெயரின் கீழ் சேர்ந்துவிட்டன. பிற்பாடு "ஹப்" என்று ஒன்றை மேலே வைத்துச் சிதறியவற்றைக் கட்ட வேண்டி வந்தது. மொஸார்ட்டுக்கு இது பரவாயில்லை. அவர் எழுதின தாள் இருக்கிறது, கோஹெல் 1862-இலேயே அவர் படைப்புகளுக்கு எண் போட்டு வைத்துவிட்டார், யார் வாசித்தாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். நமக்கு எண்ணும் கிடையாது, அப்படிப்பட்ட தாளும் கிடையாது.

தாள் என்று நாம் வைத்திருப்பதே பிறகு வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835-இல். அவருடைய 229 கீர்த்தனைகளைச் சுரத்தோடும் கமகக் குறிகளோடும் தாங்கிய சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி எட்டயபுரத்தில் அச்சானது 1904-இல். எழுதியவர் சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரின் தத்துப்பிள்ளை. தெலுங்கு எழுத்தில் வந்தது, பின்னால் மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயரின் தீட்சிதர் கீர்த்தனமாலை பிறகு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கீர்த்தனை, சுரம் வேறு. இதில் எது "மூலம்"? எதுவும் இல்லை. இரண்டும் இரண்டு பாடம். ஒரு நோட்டேஷன் புத்தகத்தை வெறும் புத்தகமாகப் பதிவு செய்து, அதில் யார் வழிப் பாடம் இருக்கிறது என்று எழுதாமல் விட்டால், எங்களுக்குப் பாதி விஷயம் போய்விடுகிறது. தமிழ் எழுத்துப் பதிப்பும் தெலுங்கு எழுத்துப் பதிப்பும் ஒரே பாடத்தின் இரண்டு பதிப்பு என்பதும் பட்டியலில் தெரிய வேண்டும். இப்போது அவை இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு புத்தகங்களாக, மொழிவாரி அலமாரியில் தனித்தனியே நிற்கின்றன.

சரி, ராகத்தை எந்த அடுக்கில் எழுதுவது? இங்கேதான் என் நகுமோமு திரும்பி வருகிறது.

2017-இல் இஃப்லா பழைய மாதிரிகளை ஒன்றாக்கி எல்ஆர்எம் என்று வெளியிட்டது. அதில் சுருதி அமைப்பு என்ற பண்பு பாடத்தின் கீழ்தான் வருகிறது, ஆக்கத்தின் கீழ் அல்ல. அந்தப் பண்புக்கு அவர்கள் கொடுக்கும் விளக்கத்தில் மேற்கத்திய ஸ்கேலோடு ராகம், மகாம் என்ற பெயர்களும் இருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் விரிந்தது. ஏதோ ஒரு குழுவில் யாரோ நம்மையும் நினைத்திருக்கிறார்கள். ஆக்கத்துக்கு அடையாளமாக ஒரு ராகத்தைச் சொல்ல வேண்டுமானால், "பிரதிநிதிப் பாடத்தின் பண்பு" என்று தனியாக எழுத இடமும் வைத்திருக்கிறார்கள். அதாவது: நகுமோமு கனலேனி என்ற ஆக்கத்தில், பொதுவாக அறியப்படும் ராகம் ஆபேரி என்று எழுதலாம். அதன் கீழே ஒவ்வொரு பாடத்திலும், இந்த ஒலிப்பதிவில் தைவதம் எது என்று எழுதலாம். இன்று பாடப்படுவது ஆபேரியே அல்ல, கர்நாடக தேவகாந்தாரி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்தை நூலகர் தீர்த்து வைக்க வேண்டாம். வாதம் எந்த ஒலிப்பதிவைப் பற்றியது என்று கண்டுபிடிக்க வழி விட்டால் போதும்.

ராகத்தை ஆக்கத்தின் தலையில் மட்டும் ஒட்டிவிட்டால் இன்னொரு கஷ்டமும் உண்டு. தீட்சிதர் மரபில் 28-ஆவது மேளத்துக்கு, அதாவது தாய் ராகத்துக்கு, பெயர் ஹரிகேதாரகௌளை, மற்ற வழியில் ஹரிகாம்போதி. ஒரு புத்தகத்தில் ஒன்று, இன்னொரு புத்தகத்தில் மற்றது. பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர் பாதியைத் தவறவிடுவார்.

இனி மெட்டு மாறும் விஷயம். இதில் உங்களோடு நான் கொஞ்சம் வாதாடவே விரும்புகிறேன். எஃப்ஆர்பிஆர் சொல்வது இது: வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தால் அதே ஆக்கத்தின் வேறு பாடம், ஒரு கருவை எடுத்துக்கொண்டு சுதந்திரமாகப் புதிதாகச் செய்தால் வேறு ஆக்கம். மேற்கே இந்தக் கோடு ஓரளவு தெளிவு. இங்கே?

பாரதியாரின் "சின்னஞ்சிறு கிளியே"வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணன் பாட்டில் அவரே ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று போட்டு, சுர வரிசையும் கொடுத்து, இதை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடலாம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் மேடையில் கேட்பது காபியில் தொடங்கும் ராகமாலிகை. இது அதே ஆக்கத்தின் இன்னொரு பாடமா, புது ஆக்கமா? பாடலாசிரியரே "மாற்றிக்கொள்" என்று அனுமதி கொடுத்துவிட்ட பிறகு பட்டியல்காரர் என்னதான் செய்வார்? திருப்பாவை இன்னும் பழசு. ஆண்டாளின் முப்பது பாசுரமும் கோயிலில் சேவிக்கிற ஓசையில் ஒன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த கச்சேரி வடிவம் இன்னொன்று, அதில் "மார்கழித் திங்கள்" நாட்டை. இரண்டிலும் சொல் ஒன்றே. அரியக்குடியின் பெயர் தட்டின் உறையில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டியலிலும் இல்லை. தலைகீழ்க் கதையும் இருக்கிறது: தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுசுர சாகித்தியங்களில் "சந்ததம் பாஹிமாம்" பாடுவது இங்கிலாந்து ராஜாவின் தேசிய கீத மெட்டில். மெட்டு ஒரு ஊர், சாகித்தியம் இன்னொரு ஊர்.

என் தீர்ப்பு இது, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். வார்த்தையும் மெட்டும் ஒருவரே சேர்த்துச் செய்த கிருதி ஒரே ஆக்கம். அதை எந்தப் பரம்பரை எப்படிப் பாடினாலும், தைவதமே மாறினாலும், அது பாடபேதம். ஒருவர் எழுதிய வரிக்கு இன்னொருவர் மெட்டுப் போட்டால், அந்த மெட்டுப் போட்ட பாட்டு தனி ஆக்கம். அதிலிருந்து வரிக்கு ஒரு கயிறு கட்டுங்கள். அப்போதுதான் மெட்டமைத்தவருக்கு ஒரு பதிவு கிடைக்கும். நம் உலகில் மெட்டமைத்தவர்கள் பெயர் எவ்வளவு சுலபமாகக் காற்றோடு போய்விடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும். ராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடுகிற எத்தனை பேருக்கு, தான் பாடும் மெட்டு கவிராயர் காலத்தது அல்ல என்று தெரியும்?

மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதும் வாசிப்பதும், வேறு ஒரு கேள்வி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை இசைத்தட்டு என்றால் நாகஸ்வரம் கேட்காதவர்களுக்குக்கூடத் தெரியும். அதில் இயற்றியவர் யார்? கிருதி இல்லை, சாகித்தியம் இல்லை. பட்டியலில் "இயற்றியவர்" கட்டம் காலியாக இருக்கும், அல்லது யாராவது மரியாதைக்கு "பாரம்பரியம்" என்று போட்டிருப்பார்கள். அந்த ஆலாபனையை அந்த நேரத்தில் உண்டாக்கியவர் பிள்ளைவாள். ஆக்கமும் பாடமும் ஒரே மூச்சில் பிறந்திருக்கின்றன, அவ்வளவுதான். கச்சேரிப் பதிவில் பைரவி என்று ஐம்பது நிமிடம் ஓடும். அதில் ஆலாபனை பாடகருடையது, தொடர்ந்து வரும் வயலின் ஆலாபனை வயலின்காரருடையது, நடுவில் கிருதி அதை இயற்றிய வாக்கேயக்காரருடையது, நிரவலும் சுரமும் மறுபடி இவர்களுடையது, தனி ஆவர்த்தனம் மிருதங்கக்காரருடையது. உறையில் "பைரவி, தியாகராஜர்" என்று ஒரு வரி. நான் மிருதங்கம் கற்கும் பையனாக இருந்தால் அந்தத் தனியை எப்படித் தேடுவேன்?

பிரான்சில் தேசிய நூலகம், ரேடியோ பிரான்ஸ், பாரிஸ் ஃபில்ஹார்மோனி மூன்றும் சேர்ந்து டோரெமுஸ் என்ற திட்டத்தில் தங்கள் இசைப் பட்டியல்களை ஒன்றாக்கியபோது, நிகழ்ச்சியையே ஒரு தனிப் பொருளாகப் பதிவு செய்யும் வழியை எடுத்துக்கொண்டார்கள். எங்கே, எப்போது, யார் யார், என்னென்ன வாசித்தார்கள். எனக்கு இது நம் கச்சேரிக்கே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அவர்கள் செய்த சிக்கலான அமைப்பு முழுவதையும் கேட்கவில்லை. கச்சேரி என்று ஒரு பதிவு, அதன் கீழே பாட்டுகள்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். தியாகராஜர், தியாகய்யர், தியாகபிரம்மம், தியாகராஜ சுவாமிகள் எல்லாம் ஒரே ஆள். எந்தரோ, எந்தரோ மஹானுபாவுலு, தமிழ்ப் புத்தகத்தில் த-வுக்குப் பக்கத்தில் சின்னதாக 3 போட்ட எந்தரோ, பழைய தட்டின் லேபிளில் ஆங்கில எழுத்தில் மூன்று விதம், எல்லாம் ஒரே பாட்டு. எல்ஆர்எம் பெயரையே தனிப் பொருளாக வைத்திருக்கிறது, ஆளும் பெயரும் வேறு வேறு என்று. நமக்கு அது வரப்பிரசாதம். நம் கிருதிக்குத் தலைப்பே கிடையாது, பல்லவியின் முதல் சொற்கள்தான் தலைப்பு. ஆகவே இயற்றியவர், பல்லவித் தொடக்கம் குறைந்தது இரண்டு சொல், பொதுவாக அறியப்பட்ட ராகம், மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. ஒரு சொல்லோடு நின்றால் என்ன ஆகும் என்று மடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

கடைசி இரண்டு அடுக்குக்கு வருகிறேன். கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்த நாளிலிருந்து, இசைத்தட்டு நம் பாட்டை வெட்டத் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். பத்துச் சங்கதி இருக்கும் பல்லவி மூன்றாகும், ஒரு சரணம் காணாமல் போகும். அதனால் அந்தக் காலத் தட்டில் இருப்பது, அந்த வித்வான் கச்சேரியில் பாடிய பாடம் அல்ல, தட்டுக்காகச் சுருக்கிய பாடம். இதை ஒரு வரி எழுதுங்கள். அந்தக் காலத் தட்டுகளில் கல்கத்தாப் பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டு அச்சடிக்கும் வெளிநாட்டு ஆலையில் யார் பாட்டு என்று தெரியவேண்டுமே என்பதற்காக என்பார்கள். பட்டியல் எழுதுகிறவர்களுக்கு அதைவிட உதவி செய்த பாடகர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

தட்டில் லேபிள் எண் வேறு, ஒலிப்பதிவுக்கே கொடுத்த மேட்ரிக்ஸ் எண் வேறு. மேட்ரிக்ஸ் எண் ஒன்றாக இருந்தால் லேபிள் நிறம் மாறினாலும் அதே பாடம்தான். மார்க்கில் 028 கட்டத்தில் இரண்டையும் எழுத வழி இருக்கிறது, எழுதுங்கள். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் மாறினால் சுருதி மாறும், அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ கேட்கும். அதனால் டிஜிட்டல் ஆக்கியபோது எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதும் பதிவில் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது அந்தப் பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிடுவார்.

உள்ளட்டை. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ரசிகர் ஒருவர் வானொலிக் கச்சேரியை வீட்டில் நாடாவில் பிடித்து, உள்ளட்டையில் தேதி, நிலையம், பக்கவாத்தியம் என்று பேனாவில் எழுதி வைத்திருப்பார். அவர் போனபிறகு பிள்ளைகள் நூலகத்துக்குக் கொடுப்பார்கள். டிஜிட்டல் ஆக்கியதும் அட்டை குப்பைக்குப் போய்விடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். பல நேரம் அந்தக் கச்சேரிக்கு அந்த அட்டைதான் ஒரே சாட்சி. குறைந்தது படம் எடுத்தாவது கோப்போடு ஒட்டி வையுங்கள். அந்த ரசிகர் பெயரையும் படி அடுக்கில் எழுதுங்கள். யார் சேகரிப்பு என்பது நாங்கள் நம்புவதற்கும் சந்தேகப்படுவதற்கும் உதவும்.

"இதெல்லாம் சரி, ஆள் எங்கே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஒரே நூலகர்தான் புத்தகம் வாங்குவது, ஒட்டடை அடிப்பது, மாவட்ட அறிக்கை அனுப்புவது எல்லாம் செய்கிறார். நான்கு அடுக்கையும் ஒரே நாளில் கட்டச் சொல்லவில்லை. உங்களில் பலர் கோஹா மென்பொருளில் வேலை செய்கிறீர்கள், அது இந்த அடுக்குகளை அப்படியே காட்டாது. இருந்தாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் 700 கட்டத்தில் ஆசிரியர்-தலைப்பு இணைப்பு கொடுக்க முடியும், பாட்டுக்கு அதிகாரப் பதிவு, அதாவது அதன் எல்லாப் பெயர்களையும் ஒன்றாகக் கட்டும் பதிவு, வைக்க முடியும். 78 தட்டில் இருந்து தொடங்குங்கள், அதில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். பிறகு வணிகக் கேசட், அதில் எட்டு பத்து. கச்சேரி நாடாக்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாக "நகுமோமு"வுக்குப் பதிவு எழுதக்கூடாது. பாட்டுகளின் அதிகாரப் பட்டியல் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வேண்டும். அதை ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் சேர்க்கட்டும். மும்மூர்த்திகளும் தமிழ் மூவரும் (முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை) பாபநாசம் சிவனும் முடிந்தாலே கச்சேரியில் பாடப்படுவதில் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பது ஒரு பாட்டு வாத்தியாரின் கணக்கு.

கேட்டு எழுதும் வேலைக்கு எங்களைக் கூப்பிடுங்கள். ராகம் எது, எந்தப் பாட்டு, அனுபல்லவி விட்டுப் போயிருக்கிறதா, பாடுவது யார் வழி, இதெல்லாம் நூலகவியல் பட்டத்தில் சொல்லித்தருவதில்லை, தரவும் முடியாது. பாட்டு வாத்தியார்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. எங்களுக்குக் கட்டம், எண், காற்புள்ளி தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். நான் வாரத்தில் இரண்டு பிற்பகல் சும்மாதான் இருக்கிறேன். என் மாணவிகளில் நான்கு பேர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், மின்விசிறியும் வேலை செய்கிற ஒரு ஹெட்போனும் போதும்.

முதலில் தொகுதி 14. அந்தப் பெட்டியில் நாங்கள் உள்ளட்டை பார்த்தது பாதிதான். மீதி நாடாக்களுக்கு அட்டையே இல்லை, பட்டியலிலும் ஒன்றும் இல்லை. அவற்றில் எதிலாவது ஆபேரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு வாத்தியார்